வாசிக்காமல் உருட்டிய பக்கம்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி பழைய தாள் கட்டில் கிடைத்தது. ஏதோ ஒரு உரக்கடை அச்சடித்துக் கொடுத்தது. முதல் பக்கத்தில் ‘பால் 2’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் வெள்ளை. வருடம் பழையது என்பதால் கிழமைகள் எல்லாம் தப்பு. அவற்றை அடித்துவிட்டுச் சரியானதை மேலே எழுதிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்தே என் தோழியான செண்பகம்தான் முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். இந்நேரம் அதையும் குழாயாக உருட்டியிருப்பேன்.

எங்கள் ஷெட்டில் பட்டாசுக்குப் பேப்பர் குழாய் செய்கிறோம். மருந்து அடைப்பதெல்லாம் வேறு இடத்தில். எங்களுக்குப் பழைய புத்தகம், விடைத்தாள், எல்லாம் முதுகு வெட்டி, பக்கம் பக்கமாகக் கலைந்து கட்டாக வரும். ஒரு பக்கத்தைப் பலகையில் விரித்துக் கம்பியை வைத்து உருட்டி, ஓரத்தில் பசை தடவி, கம்பியை உருவினால் ஒரு குழாய். கல்யாணப் பத்திரிகையும் சேர்ந்து வரும். அட்டை தடிமன், உருட்ட வராது. அதையெல்லாம் செண்பகம் ஒதுக்கி எடுத்துத் தன் பலகைக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறாள். யார் யாருக்கோ நடந்த கல்யாணம்.

இன்று பசை காய்ச்சும் முறை என்னுடையது. கட்டி தட்டிவிட்டது. குருவம்மா அத்தை, “இட்லிக்கு ஊத்தலாம் போலருக்கே” என்றார்கள்.

ஜூன் 5, புதன்

ஒரு நாவல் கிடைத்திருக்கிறது. அட்டை இல்லை, பெயர் இல்லை. நடுவிலிருந்து இருபது பக்கம்போல ஒரே கட்டில் இருந்தன. முதலில் நான் மனதுக்குள் படித்துக்கொண்டே உருட்டினேன். செண்பகம் பார்த்துவிட்டாள். “சத்தமா வாசி, எங்களுக்கும் பொழுது போகும்” என்றாள்.

பள்ளிக்கூடத்தில் என்னை எழுப்பி ஏதாவது கேட்டால் குரல் வராது. ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் என்று நின்றேன். அம்மா எழுந்து நடந்த பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதனால் இன்று பயந்துகொண்டுதான் ஆரம்பித்தேன். ஆனால் வாசித்தேன். தாளைப் பார்த்தால் குரல் வருகிறது. ஆளைப் பார்த்தால்தான் வருவதில்லை.

வாசித்து முடித்த பக்கத்தைச் செண்பகம் வாங்கி உருட்டுவாள். என் பங்குக் குழாய் குறையக் கூடாது என்று செண்பகம், குருவம்மா அத்தை, ராஜகனி அக்கா மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் என் கூடையில் போட்டார்கள்.

ஜூன் 8, சனி

கதையில் வருகிறவள் யாமினி. பெரிய வீடு ஒன்றில் சமையலுக்கு வந்திருக்கிறாள், காமாட்சி என்று பொய்ப் பெயர் சொல்லிக்கொண்டு. அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். இவள் அண்ணனிடம் ஒன்று சொல்கிறாள், தம்பியிடம் வேறொன்று சொல்கிறாள். நேராகப் பொய் சொல்வதே இல்லை. பாதி சொல்லிவிட்டு, “எனக்கெதுக்குங்க” என்று நிறுத்திவிடுவாள். மீதியை அவர்களே நினைத்துக்கொள்வார்கள். தம்பி மனைவி சுபா நல்ல பெண். அவள் புருஷனுக்கே அவள்மேல் சந்தேகம் வரும்படி யாமினி செய்துவிட்டாள்.

குருவம்மா அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “இவளுக்குச் சோறு போட்ட வீட்டுலயே இப்பிடிச் செய்றாளே, இவ வெளங்குவாளா?”

“எதுக்குச் செய்றான்னு தெரியாம பேசாதிய” என்றாள் ராஜகனி அக்கா. “முன்னாடி பக்கம் வரட்டும்.”

“எந்தப் பக்கம் வந்தா என்ன? பச்சப்புள்ள அந்தச் சுபா.”

செண்பகம் சிரித்தாள். “ரெண்டு பேரும் அந்த வீட்டுக்கே போயிப் பஞ்சாயத்துப் பண்ணிட்டு வாங்க. நாங்க ஒங்க பங்கையும் உருட்டுறோம்.”

ராஜகனி அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இவளுக்கு மூளை சரியில்லை என்று சொல்லி, தூக்க மாத்திரை கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். புருஷன் மறுமாதமே வேறு கல்யாணம் செய்துகொண்டான். இது ஊருக்கே தெரியும். அதனால் பசை காய்ச்சும் முறை அவளுக்கு வந்தால் யாராவது ஒருவர் காய்ச்சிவிடுவோம். பெரும்பாலும் நான்.

ஜூன் 10, திங்கள்

வெயில். குழாய் சீக்கிரம் காய்ந்தது. ராஜகனி அக்கா முறைக்கு நான் பசை காய்ச்சினேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 12, புதன்

செண்பகத்துக்குச் சாத்தூரிலிருந்து சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை லேத் பட்டறையில் வேலை. பெண் பார்க்க வந்தபோது எல்லோரும் காபி குடித்தார்களாம், அவர் மட்டும் இவளைப் பார்த்து, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாராம். இதை இன்று காலையிலிருந்து நான்கு தடவை சொல்லிவிட்டாள்.

அவளுக்கு அப்பா இல்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இதற்கு முன் மூன்று இடம் தட்டிப் போயிருக்கிறது. இதுவும் போனால், கோயம்புத்தூரில் பெண்டாட்டி செத்த ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாக அண்ணன் சொல்லிவிட்டார். அவருக்கு நாற்பத்தி மூன்று வயது. ஆடி பிறப்பதற்குள் சாத்தூர்க்காரர்கள் பூ வைத்து உறுதி செய்துவிட வேண்டும். அதற்கு முன்னால் அவர்கள் விசாரிக்க வருவார்கள். வீட்டில் விசாரித்தால் நல்லதாகத்தான் சொல்வார்கள் என்று வேலை செய்யும் இடத்துக்கு வருவார்கள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்.

சாத்தூருக்கு இங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். கடைசிப் பஸ் எட்டரைக்கு.

பலசரக்குக் கடையில் இன்று எனக்குச் சோடா உப்பு வேண்டியிருந்தது. கடையில் எனக்காகக் கேட்கச் செண்பகம் கூட வராததால் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

முதல் அத்தியாயங்கள் கிடைத்துவிட்டன. புதுக் கட்டின் அடியில், மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடு கலந்து இருந்தன. யாமினி அந்த வீட்டு மூத்த மருமகளாக இருந்தவள். வயிற்றில் ஆறு மாதம். மாமியார் அட்டிகையைத் திருடிவிட்டாள் என்று பழி போட்டு, மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். பிள்ளை செத்துப் பிறக்கிறது. அட்டிகையை எடுத்தது அந்த மூத்தவனேதான். பன்னிரண்டு வருடம் கழித்து, முகம் ஒட்டி, முடி நரைத்து, சமையல்காரியாகத் திரும்பி வந்தால் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

மழைப் பக்கத்தை வாசிக்கும்போது ராஜகனி அக்கா கம்பியைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணைத் துடைத்துவிட்டு, “இப்ப சொல்லுங்க. இவ செஞ்சது தப்பா?” என்றாள்.

செண்பகம், “பாவம்க்கா, இன்னும் நாலு வாட்டி செய்யலாம் அந்த வீட்டுக்கு” என்றாள்.

குருவம்மா அத்தை கூடையை உதறி, வளைந்த குழாய்களைத் தனியே போட்டுவிட்டுச் சொன்னார்கள்: “மூத்தவன எரிச்சாக்கூட நான் கேக்க மாட்டேன். அந்தச் சுபா என்ன பண்ணுனா? இவளத் தள்ளுன அன்னைக்கு அவ அந்த வீட்டுலயே இல்லயே. பள்ளிக்கூடத்துக்கு ரெட்டச் சடை போட்டுப் போய்க்கிட்டு இருந்திருப்பா.”

“அந்த வீட்டுச் சோத்தத் தின்னுட்டாள்ல” என்றாள் ராஜகனி அக்கா.

“நீயுந்தான் ஒம் மாமியா வீட்டுச் சோத்தத் தின்ன.”

அத்தை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பட்டவர்களுக்குத்தானே தெரியும்.

ஜூன் 17, திங்கள்

வேலை விட்டு வரும்போது ராஜகனி அக்கா என்னோடு நடந்து வந்தாள். அவள் வீடு அந்தப் பக்கம் இல்லை.

சாத்தூர்க்காரர்களைப் பற்றி அவளுக்குத் தெரியுமாம். நல்ல குடும்பம்போல இருக்குமாம், உள்ளே போனால்தான் தெரியுமாம். “என்னயும் இப்பிடித்தான் சிரிச்சுச் சிரிச்சுக் கூட்டிட்டுப் போனாக. செண்பகம் என்னைய மாதிரி ஆகணுமா மாரி? நீயே சொல்லு.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

“அவகிட்ட சொன்னாக் கேக்க மாட்டா, அவளுக்கு இப்பக் கண்ணு மறைச்சிருக்கு. நீ பொய்யெல்லாம் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளையோட அம்மா விசாரிக்க வந்தா ஒன்கிட்டதான் கேக்கும். பேசாத புள்ள பொய் சொல்லாதும்பாக. ஏப்ரல்ல செண்பகம் மயங்கி விழுந்தாள்ல, அத அவுக காதுல எவளோ போட்டுட்டாளாம். அடிக்கடி வருமான்னு கேப்பாக. நீ ஒண்ணும் சொல்லாத. தலையக் குனிஞ்சுக்க. அம்புட்டுத்தான். ஒனக்குத்தான் அது வருமே.”

ஏப்ரலில் செண்பகம் விழுந்தது காலையில் சாப்பிடாமல் வந்ததால். ஒரு தடவைதான். நான்தான் தண்ணீர் தெளித்தேன்.

ராஜகனி அக்கா என் முதல் நாளில் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தவள். அவள் கெட்டது சொல்வாளா என்று தெரியவில்லை. அவ்வளவு பட்டவள் சொன்னால் அதில் ஏதோ இருக்கும்.

ஜூன் 20, வியாழன்

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா. பச்சைப் பார்டர் சேலை, கையில் மஞ்சள் பை. பழைய தாள் எடைக்குப் போட வேண்டும், இங்கே வாங்குவார்களா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அது சாக்கு என்று எல்லோருக்கும் தெரியும். செண்பகம் இன்று வேலைக்கு வரவில்லை. அப்படித்தான் ஏற்பாடு.

குருவம்மா அத்தை டீ வாங்கப் போயிருந்தார்கள். ராஜகனி அக்கா குழாய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் காயவைக்கப் போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

அந்தம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். “ஏன் தாயி, செண்பகம் ஒன் சேக்காளியாமே. நல்ல பொண்ணா?”

தலையை ஆட்டினேன்.

“நடுவுல மயங்கி விழுந்துச்சாமே? அடிக்கடி வருமோ?”

கம்பியில் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. தலையைக் குனிந்து அதை உருவப் பார்த்தேன். வரவில்லை. பசை அதிகம்.

“சொல்லுத்தா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

உருவி எடுத்தபோது குழாய் கிழிந்துவிட்டது. அந்தம்மா கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

ஜூன் 21, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

சாத்தூரிலிருந்து ஆள் வந்து, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். ஜாதகம் முன்பே பார்த்துப் பொருந்தியதுதான்.

செண்பகம் வேலைக்கு வந்தாள். வேகமாக உருட்டினாள். மதியம் அண்ணன் பெண்டாட்டி கட்டிக் கொடுத்த சோற்றைத் திறக்கவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. “சாப்பிடு, திரும்ப விழுந்துராத” என்று மெதுவாகச் சொன்னேன்.

“விழுந்தா என்ன? கோயம்புத்தூர்க்காரர் தூக்கிக்கிருவாரு” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மாலையில் பலசரக்குக் கடைக்கு அவளே என்னைக் கூட்டிப் போனாள். “ஒனக்கு என்ன வேணும்?” என்று கேட்டு, கடைக்காரரிடம் சொல்லி, வாங்கிக் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. சோடா உப்பை மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 27, வியாழன்

கோயம்புத்தூர் தூரமா சாத்தூர் தூரமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. சாத்தூர் பக்கம். கோயம்புத்தூர் போனால் அவள் வரவே மாட்டாள். இதை நான் முன்னால் யோசிக்கவில்லை.

இன்று நாவலில் ஒரு பக்கம் கிடைத்தது. இருநூற்றுப் பதினொன்று. சுபா குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் போகச் சொல்லிவிட்டான். எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியவில்லை. யார் தனக்கு இதைச் செய்தது என்றும் தெரியவில்லை. வீட்டில் தன்னிடம் அன்பாக இருந்தது சமையல்காரி காமாட்சி ஒருத்திதான் என்று நினைத்துக்கொள்கிறாள். குழந்தைக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்த காசு காமாட்சி கொடுத்தது.

“என்ன புள்ள, வாசி” என்றார்கள் அத்தை.

“அதுக்கப்புறம் பக்கம் இல்ல” என்றேன்.

அந்தத் தாளை வாசிக்காமல் உருட்டிக் கூடையில் போட்டேன். உருட்டியபின் எல்லாக் குழாயும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ராஜகனி அக்கா மனம் வருந்தும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

ஜூலை 1, திங்கள்

குருவம்மா அத்தை என்னிடம் தனியே சொன்னார்கள். ராஜகனி அக்காவின் தங்கச்சி போட்டோ சாத்தூருக்குப் போயிருக்கிறதாம். அதே மாப்பிள்ளைக்கு. தங்கச்சிக்கு இருபத்தேழு வயது. அக்கா வாழாமல் வந்தவள் என்று எவனும் கட்ட மாட்டேன் என்கிறான்.

“மயக்கத்தச் சொன்னதே இவதான். தரகர்கிட்ட சொல்லிருக்கா. அன்னைக்கு அந்தம்மா வந்தப்ப என்ன நடந்துச்சு? நீ இருந்தயில்ல?”

“தெரியல அத்தை.”

அவர்கள் என்னை ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது உடம்பு லேசாக இருந்தது. எல்லாம் ராஜகனி அக்காவின் திட்டம். நான் சின்னப் பெண், பேச வராதவள், என்னை வைத்து அவள் காரியம் பார்த்திருக்கிறாள். இதைச் செண்பகத்திடம் சொன்னால் செண்பகம் என்னைத் திட்ட மாட்டாள். பாவம் மாரி என்பாள்.

இவ்வளவும் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். ஜூன் 12ஆம் தேதியையும் படித்தேன். அன்றைக்கு ராஜகனி அக்கா என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கே நான் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

கட்டு முழுக்கத் தேடிவிட்டோம். நாவலின் முடிவு இல்லை. வேறு ஷெட்டுக்குப் போயிருக்கும், இந்நேரம் குழாயாகியிருக்கும்.

“இம்புட்டு நாளு கேட்டு என்ன பிரயோசனம்? யாமினி மாட்டுனாளா இல்லையா?” என்றார்கள் அத்தை.

“மாட்ட மாட்டா. மாட்டவும் கூடாது” என்றாள் ராஜகனி அக்கா. “அவளுக்கு நடந்ததுக்கு எவன் மாட்டுனான்?”

செண்பகம் தலையை நிமிர்த்தாமல், “மாரி, நீ நெறைய வாசிச்சிருக்க. நீயே ஒரு முடிவச் சொல்லேன். சும்மா சொல்லு” என்றாள்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் தாள் இல்லை.

“ஒரு பக்கம் இருந்துச்சு” என்றேன். “நான் வாசிக்கல. உருட்டிட்டேன். சுபா பஸ் ஸ்டாண்டுல இருப்பா. அவளுக்கு யாரு செஞ்சதுன்னே தெரியாது. கூட இருந்தவதான்னு தெரியாது.” குரல் எங்கேயோ போய்விட்டுத் திரும்ப வந்தது. “செண்பகம், சாத்தூர் அம்மா என்கிட்ட கேட்டாக. மயக்கம் அடிக்கடி வருமான்னு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.”

குருவம்மா அத்தை கம்பியைக் கீழே வைத்தார்கள். செண்பகம் முதலில் ராஜகனி அக்காவைப் பார்த்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று அந்த முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

“என்னைய என்ன பாக்க?” என்றாள் ராஜகனி அக்கா. “எனக்கு நடந்தது ஒங்கள்ல ஒருத்திக்கு நடந்திருந்தாத் தெரியும். என்னால எந்தங்கச்சியும் வீட்டுல கெடக்கா. அவளுக்குன்னு எவ வாய் தொறந்தா? கேக்க ஒரு நாதி உண்டா?”

“ஒனக்கு நடந்தது அநியாயந்தான். யாரு இல்லன்னா?” என்றார்கள் அத்தை. “அத வச்சு இன்னும் எத்தன பேருகிட்ட வசூல் பண்ணுவ?”

ராஜகனி அக்கா அழுதாள். நடிப்பு இல்லை. அவள் அழுகை எப்போதுமே நடிப்பாக இருந்ததில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் எங்களுக்கு எப்போதும் குழப்பம்.

செண்பகம் என் பக்கம் திரும்பினாள். “இவ சொல்லித்தான செஞ்ச?”

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அவள் அதற்கு இடம் விட்டுத்தான் கேட்டாள்.

“அக்கா சொன்னா. ஆனா அதுனால இல்ல” என்றேன். “நீ சாத்தூர் போயிரக் கூடாதுன்னு.”

அவள் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தன் பலகையையும் கூடையையும் எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரமாய்ப் போய் உட்கார்ந்தாள். கல்யாணப் பத்திரிகை அடுக்கு மட்டும் என் பக்கத்திலேயே கிடந்தது.

ஜூலை 7, ஞாயிறு

குருவம்மா அத்தை என்னைச் சாத்தூருக்குக் கூட்டிப் போனார்கள். ஆடி பிறக்க இன்னும் பத்து நாள்தான். பஸ்ஸில், “நான் பேச மாட்டேன். நீதான் பேசணும். நான் தொணைக்குத்தான்” என்று இரண்டு தடவை சொன்னார்கள்.

ராத்திரியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், பார்த்து வாசித்துவிடலாம் என்று. வாசலில் அத்தை அதைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அந்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்கள். நின்றபடியே சொன்னேன். “ஏப்ரல்ல ஒரே ஒரு தடவ விழுந்தா. காலைல சாப்பிடல. நான்தான் தண்ணி தெளிச்சேன். அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.”

“அன்னைக்கு ஏன் சொல்லல?”

“என் சேக்காளி. போயிருவான்னு சொல்லல.”

“அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிருந்தா இம்புட்டு தூரம் ரெண்டு பஸ் மாறியிருக்க வேண்டாமே தாயி.” கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தார்கள். “இப்ப நீ சொல்றத நான் எப்பிடி நம்ப?”

தலை தானாகக் குனிந்தது. அப்புறம் நிமிர்ந்தேன். “நம்பலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. அவ வருவா” என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று பிறகுதான் தோன்றியது.

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், “அம்மா, அவுகளுக்குத் தண்ணி குடுத்தியா?” என்றது. அவராகத்தான் இருக்கும்.

ஜூலை 10, புதன்

ஒரு செய்தியும் இல்லை. செண்பகம் சுவரோரமே இருக்கிறாள். பசை வேண்டுமானால் எழுந்து வந்து எடுத்துக்கொள்கிறாள்.

ஜூலை 12, வெள்ளி

யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. நானும் வாசிக்கவில்லை. பலசரக்குக் கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரர் இரண்டு தடவை “என்ன?” என்றார். மூன்றாவது தடவை நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. சோடா உப்பு வாங்கினேன்.

ஜூலை 14, ஞாயிறு

சாத்தூர்க்காரர்கள் வந்து பூ வைத்துவிட்டார்கள். குருவம்மா அத்தை போய்விட்டு வந்து சொன்னார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. எங்களை என்றால் என்னையும் ராஜகனி அக்காவையும்.

ஜூலை 22, திங்கள்

பசை காய்ச்சும் முறை ராஜகனி அக்காவுக்கு வந்தது. நான் எழுந்து போகவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, போய்த் தானே காய்ச்சினாள். கட்டி இல்லாமல் நன்றாகத்தான் காய்ச்சினாள்.

மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். “என்மேல கோவமா?” என்றாள். இல்லை என்றேன். இல்லைதான். அவளைக் கோபித்துக்கொண்டால் எனக்குச் சுலபம். அவளைப் பாவம் என்று சொன்னாலும் எனக்குச் சுலபம்தான். சாத்தூரிலிருந்து அவள் தங்கச்சி போட்டோ திரும்பி வந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அழவில்லை. நான் என் குழம்பில் பாதியை ஊற்றினேன். அவள் செய்தது சரி என்று இல்லை. இன்றைக்குக் குழம்பு இருந்தது.

யாமினியை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மழையில் அவளைத் தள்ளிய பக்கத்தை நினைத்தால் அவள் பக்கம் நிற்கத் தோன்றுகிறது. ஆனால் இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தை உருட்டியது நான். அதை நினைத்தால் நிற்க முடியவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

அலுப்பு. மழை மூட்டம், குழாய் காயவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

செண்பகம் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்தாள். ஆவணி ஆறாம் தேதி முகூர்த்தம். அவள் எழுத்து கோணல் என்பதால் பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்கு எழுதிக் கொடுப்பது நான்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் கட்டையும், ஒரு பேனாவையும், பெயர்கள் எழுதிய ஒரு தாளையும் என் பலகைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சுவரோரம் போய்விட்டாள்.

எழுதினேன். அண்ணன் வீட்டு உறவெல்லாம், தெருக்காரர்கள், முதலாளி அண்ணாச்சி, குருவம்மா அத்தை. ராஜகனி அக்கா பெயரும் இருந்தது. அதையும் எழுதினேன். பட்டியல் முடிந்தது, என் பெயர் வரவில்லை. திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். வெள்ளை.

ஒரு பத்திரிகை மிச்சம் இருந்தது. எழுதியவற்றை அடுக்கி, மிச்சத்தை மேலே வைத்து, எடுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

செண்பகம் கம்பியை நிறுத்தினாள். மேலே இருந்த வெற்றுப் பத்திரிகையை எடுத்து, விரலால் அதன் தடிமனைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். ஒரு மாதத்துக்கு மேலாகிறது அவள் என்னோடு பேசி.

“வச்சுக்க” என்றாள். “இது உருட்ட வராது.”